மூன்று விரல் சாட்சி

செல்போன் அலறியது.

சனிக்கிழமை. காலை ஏழே முக்கால். கலசப்பாக்கத்து வீட்டில் தோசைக்கல்லைக் கழுவிக்கொண்டிருந்த அருணா, ஈரக் கையோடு எடுத்தாள். புது நம்பர்.

"அருணா மேடமா?"

"ஆமா. நீங்க?"

"இன்ஸ்பெக்டர் சரவணகுமார். நெல்லிவாசல்ல இருந்து பேசறேன். இங்க கரடிப்பாறைக்குக் கீழ ஒரு டெட்பாடி. சட்டைப் பையில உங்க நம்பர் எழுதின சீட்டு இருக்கு."

அருணா குழாயை மூடினாள்.

"யா... யாரு சார்?"

"அதத்தான் உங்ககிட்ட கேக்கறேன். முகம் சிதைஞ்சு போச்சு. வயசு அறுபதுக்கு மேல. வலது கையில மூணு விரல்தான்..."

"கோபால்சாமி!"

பெயர் அவளை மீறி வாயிலிருந்து விழுந்தது.

எதிர்முனையில் பேனா கிறுக்கும் சத்தம்.

"ஆங்... கோபால்சாமி. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் காலேஜ்ல ஹிஸ்டரி கெஸ்ட் லெக்சரர் சார். ஆராய்ச்சிக்காக அவரப் பேட்டி எடுத்தேன். இன்டர்நெட்ல... போட்டேன்."

"அப்ப அதப் பாத்துட்டுத்தான் எவனோ வந்திருக்கான். மேடம், முதல்ல அந்தப் பக்கத்த அழிச்சிடுங்க. பிறகு உடனே வெளிக்கிடுங்க. பாடிய அடையாளம் காட்ட அவர் வீட்டு ஆள் ஒருத்தர் வேணும். வீடு எதுன்னு கேட்டா இந்த ஊர்ல ஒருத்தரும் வாயத் திறக்க மாட்டேங்கறாங்க. நீங்க அங்க போயி ஆள் இருந்தா கூட்டிக்கிட்டு வாங்க. இங்க டவர் நிக்காது. திரும்பக் கூப்பிடாதீங்க."

லைன் அறுந்தது.

அருணா அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

'நான்தான்... நான்தான் கொன்னுட்டேன்!'

ஆறு வருடங்களாக அவள் இலங்கையின் உள்நாட்டுப் போரைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். நூலகத்துக்குப் பஸ் ஏறிப் போக முடியாத பிள்ளைகளுக்காக ஓர் இணையப் பக்கம் தொடங்கியிருந்தாள். பெயர், போர்த்தடம். அந்தப் போரைப் படிக்க நினைக்கிறவர்களுக்கு இணையத்தில் எங்கே என்ன கிடைக்கும் என்று தேடித் தேடி அடுக்கிய பட்டியல் அது. ஸ்கேன் செய்த பழைய செய்தித்தாள்கள்... வரைபடங்கள்... விசாரணை அறிக்கைகள்... காணாமல்போனவர்களின் பெயர்கள்... மேடை உரைகள்... தப்பி வந்தவர்களின் குரல்கள்.

எல்லாம் பிறர் சேர்த்தவை. சென்னையில் ஒரு கருத்தரங்கு வந்தபோது, தனக்கென்று சொந்தமாக ஒரே ஒரு சாட்சியாவது வேண்டும் என்று ஆசைப்பட்டாள்.

ஆசை!

அப்போதுதான் கோபால்சாமி கிடைத்தார். அகதியாகப் படகில் வந்தவர். முகாமிலிருந்து விலகி, ரோடு போடும் வேலைக்காக ஜவ்வாது மலை ஏறியவர். புளியும் சாமையும் பார்த்துக்கொண்டு அங்கேயே மலைக்காரர் ஆகிவிட்டவர். கரடிப்பாறையில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் பேசினார்.

"கோணிப்பையில ரெண்டு ஓட்ட போட்டு என் தலையில மாட்டினாங்க. ஊர்ப் பசங்கள வரிசையா என் முன்னால நடத்தினாங்க. நான் யாரப் பாத்துத் தலைய ஆட்டறனோ, அவன் திரும்பி வர மாட்டான். பதினோரு தபா ஆட்டினேன்."

"எந்தப் பக்கத்துக்காரங்க ஐயா?"

"அந்த வாரம் ஊரு யாரு கையில இருந்துதோ, அந்தப் பக்கம். என் பின்னால ஒருத்தன் நின்னான். எங்க ஊர்க்காரன்தான். அவன் குரல் இன்னிக்கும் தெரியும். பேர மட்டும் சொல்ல மாட்டேன்."

மூன்று நிபந்தனைகள் போட்டார். பேர் கூடாது. முகம் கூடாது. ஊர் கூடாது.

"ஒரு படமாவது ஐயா..." என்று இழுத்தாள் அருணா.

அவர் யோசித்தார். பிறகு வலது கையை நீட்டினார். "இத எடுத்துக்கோ."

அந்தப் படத்தைத்தான் குரலோடு சேர்த்து ஏற்றினாள். படத்துக்குள் இடம் ஒளிந்திருக்கும் என்பதை மறந்து! செல்போன் கேமரா, எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைப் படத்தோடு சேர்த்துப் பதிந்துவிடும். தெரிந்தவன் பார்த்தால் மலை, பாறை, எல்லாம் அகப்படும். இதைத் தன் மாணவர்களுக்கு அவளே பாடமாக நடத்தியிருக்கிறாள்.

லேப்டாப்பைத் திறந்தாள். போர்த்தடத்துக்குள் போனாள். கோபால்சாமியின் பக்கம்.

அழி.

'உறுதியாகவா?' என்று கேட்டது.

அழுத்தினாள். பக்கம் போனது. நெஞ்சுக்குள் ஒரு சின்ன நிம்மதி எட்டிப் பார்த்தது. இனி யாருக்கும் தெரியாது... காலேஜுக்குத் தெரியாது... கைடுக்குத் தெரியாது...

அந்த நிம்மதிதான் அவளை அதிகம் சுட்டது. போலீஸ் சொன்னதால் அழித்தாள். சொல்லாவிட்டாலும் அழித்திருப்பாள்!

* * *

ஜமுனாமரத்தூர் பஸ் ஸ்டாண்டில் அவள் இறங்கியபோது பதினொன்றரை. நெல்லிவாசலுக்குப் போகும் ஷேர் ஜீப் உறுமிக்கொண்டு நின்றது. உள்ளே ஏற்கெனவே பன்னிரண்டு பேர், இரண்டு மூட்டை, ஒரு கோழிக்கூடை.

"ஏறுமா, ஏறு. எடம் கீது!" என்றான் டிரைவர் வெற்றிச்செல்வன்.

ஜன்னலோரம் ஒண்டினாள். பின்பக்கம் நாலு பேர் கம்பியைப் பிடித்துத் தொங்கினார்கள். அதில் ஒருவர் வெள்ளை முழுக்கைச் சட்டை. முகத்தில் மாஸ்க். அறுபது இருக்கும். இருமினார். பேசவில்லை. தோளில் தொங்கிய பையைக் கழற்றி, கொஞ்சம் வைத்துக்கொள்ள முடியுமா என்று சைகையால் கேட்டார்.

அருணா வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். கனமாக இருந்தது.

ஜீப் கிளம்பியது.

"அண்ணா... கரடிப்பாறைகிட்ட ஒரு சாவு ஆயிருக்காமே?"

"சாவா? காலையில ரெண்டு டிரிப் அடிச்சுட்டேன். அப்டி ஒண்ணும் காதுல வுழலியே! யாரு சொன்னது?"

"போலீஸ்."

"போலீஸா? நான் ஒரு தொப்பியக்கூடப் பாக்கலியே!"

அவனுக்குச் செய்தி எட்டவில்லை போலும். சாமைக் கதிர்கள் முற்றி மலைச்சரிவே பழுப்பாகக் கிடந்தது. எதுவும் அவள் கண்ணில் படவில்லை. மூன்று விரல்கள்தான் தெரிந்தன.

நெல்லிவாசலில் இறங்கினாள். பையைத் திருப்பிக் கொடுத்தாள். மாஸ்க்காரர் கைகூப்பினார்.

* * *

கோபால்சாமியின் வீடு ஊரைத் தாண்டி, புளியந்தோப்புக்குப் பின்னால். முதல் தடவை பேட்டி கேட்டு வந்தபோது வாசலோடு பார்த்தது. இருபது நிமிட நடை. அருணா பாதி ஓடினாள். உள்ளே யார் இருப்பார்கள்? அவர் மனைவியா? என்ன சொல்வது? 'உங்க வூட்டுக்காரரை நான்தான் காட்டிக் கொடுத்தேன்' என்றா?

தோப்பைத் தாண்டினாள்.

நின்றாள்.

மூச்சும் நின்றது!

வாசலில் சாக்கு விரித்து, கால் நீட்டி உட்கார்ந்து, புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்... கோபால்சாமி.

"ஐ... ஐயா!"

அவர் நிமிர்ந்தார். அவளைப் பார்த்ததும் அந்த முகத்தில் ஏதோ ஒன்று வெளிறியது.

"நீ இன்னாத்துக்கும்மா இங்க வந்த? இன்னிக்கி?"

"நீங்க உயிரோட இருக்கீங்களா ஐயா!" அருணா அப்படியே முழங்காலில் விழுந்து விசும்பினாள். "காலையில போன் வந்துச்சு... நீங்க செத்துட்டீங்கன்னு... மூணு விரல்னு அடையாளம் சொன்னாரு இன்ஸ்பெக்டர்... என் தப்புதான்... அந்தப் படத்துல எடம் பதிவாயிருந்துது... நான் பாக்காம போட்டுட்டேன்..."

"இரு, இரு. எந்த இன்ஸ்பெக்டரு?"

"சரவணகுமார்னு... பக்கத்த அழிச்சுட்டு உடனே வெளிக்கிடுங்கன்னு..."

கோபால்சாமியின் கையிலிருந்த புளி நழுவியது.

"இன்னா சொன்னான்? அதே வார்த்தையச் சொல்லு."

"வெளிக்கிடுங்க..."

சொன்ன பிறகுதான் அருணாவுக்கே உறைத்தது.

ஆறு வருடங்களாக அந்தத் தமிழைத்தான் ஹெட்போனில் கேட்கிறாள், எழுதுகிறாள். காது பழகிவிட்டது. அதனால்தான் அது இடறவே இல்லை!

"இந்தச் சீமையில எந்தப் போலீஸும்மா 'கெளம்பு'ன்றதுக்கு 'வெளிக்கிடு'ங்கறான்? அது எங்க நாட்டுப் பேச்சு!"

"நல்ல காது உமக்கு. அப்பவும் அப்படித்தான்."

குரல் பின்னாலிருந்து வந்தது.

அருணா திரும்பினாள். வெள்ளை முழுக்கைச் சட்டை. மாஸ்க் இப்போது தாடைக்குக் கீழே. கையில் கறுப்பாக ஒரு கைத்துப்பாக்கி.

"பையைப் பத்திரமாக் கொண்டுவந்து தந்தீர் பிள்ளை. பெரிய உபகாரம்."

அவள் மடியில் இருந்தது அதுதான். மலை முழுக்க அவள்தான் சுமந்து வந்திருக்கிறாள்!

அந்த முகம்... அவளுக்குத் தெரிந்த முகம். வெளிநாட்டு மேடை ஒன்றில் மெழுகுவத்தி ஏந்தி, காணாமல்போனவர்களுக்காகக் கண்ணீர் விடும் முகம். போர்த்தடத்தில் 'உரைகள்' என்ற தலைப்பின் கீழ் மூன்றாவது இணைப்பு. பிள்ளைகள் தவறாமல் கேட்க வேண்டியது என்று அவளே குறிப்பு எழுதியிருக்கிறாள்.

"அமலநாதன்..." என்றாள் அருணா.

"அமலன்" என்றார் கோபால்சாமி. அவர் எழுந்திருக்கவில்லை. ஆனால் குரலிலிருந்து மலைப்பேச்சு உதிர்ந்து போயிருந்தது. "முப்பத்துநாலு வருசம். என்னை மறக்கேல்லைப் போல."

"மறக்கத்தான் பார்த்தேன். நீர் விட்டனீரா? ரெண்டு நாளா அந்தப் பாறையைச் சுத்தி அலைஞ்சன். மூண்டு விரல் ஆள் ஆர் எண்டு கேட்டால், வேடியப்பன் எண்டவன் தேன் வாங்கிறியளோ எண்டு கேக்கிறான்! பிறகுதான் இந்தப் பிள்ளையை யோசிச்சன். படமும் நம்பரும் அந்த இணையப் பக்கத்திலேயே கிடந்தது. பாவம், பதறிப்போய் நீர் இஞ்ச வைச்சிருக்கிற பேரையும் தந்து, வழியும் காட்டிச்சுது."

காலையில் பாதிதான் காட்டிக் கொடுத்திருந்தாள். மீதியை நடந்தே வந்து கொடுத்துவிட்டாள்!

"அவர எதுவும் பண்ணாதீங்க!" எழுந்து இடையில் நின்றாள். "அவரக் கொன்னா உங்களுக்கு இன்னா கிடைக்கும்? பக்கத்ததான் அழிச்சேன். அதுக்கு முன்னாடியே இருநூறு பேருக்கு மேல அந்தக் குரல டவுன்லோடு பண்ணிட்டாங்க. வேற வேற இணையக் காப்பகத்துல காப்பி கிடக்கு. எதையும் அழிக்க முடியாது!"

"குரல் கிடக்கட்டும். அதில் என்ர பேர் இல்லை. பேர் சொல்லக்கூடிய வாய் ஒண்டுதான். தள்ளும் பிள்ளை."

"தள்ளிக்கோம்மா" என்றார் கோபால்சாமி. பிறகு அமலநாதனை நிமிர்ந்து பார்த்தார். "சுடு. ஒண்டை மட்டும் சொல்லிப்போட்டுச் சுடு. இயக்கமும் கேக்கேல்லை, ஆமியும் கேக்கேல்லை. அந்தப் பதினொரு பெடியளை நீ ஏன் தெரிஞ்செடுத்தனீ?"

அமலநாதன் சிரித்தார்.

"இப்ப எதுக்கு அது? ஆறு பேர் என்ர அண்ணனின்ர காணி வழக்கில சாட்சி சொன்ன வீட்டுப் பெடியள். மிச்சம்... எண்ணிக்கைக்கு. பத்துக்குக் குறைஞ்சால் நம்ப மாட்டாங்கள்."

"என்ர தம்பி?"

"அவன் எண்ணிக்கைக்கு."

அருணா மெல்லத் திரும்பினாள். ஒலிப்பதிவில் இது இல்லை. கோபால்சாமியின் கண்களில் நீர் நிரம்பி, விழாமல் நின்றது.

"நான் மாட்டன் எண்டு கையைத் தூக்கினன். கதவு இடுக்கில வைச்சு ரெண்டு விரலை எடுத்தான் இவன்" என்றார் அவளிடம். "அதுக்குப் பிறகு இவன் பின்னால நிண்டு முதுகில தட்டுவான். தட்டினால் ஆட்டோணும். பத்தாவதா வந்தவன் என்ர தம்பி. பைக்குள்ள இருக்கிறது நான் எண்டு தெரியாமல் சிரிச்சுக்கொண்டு வாறான். தட்டினான்... நான்... ஆட்டினன்."

"போதும் கதை!" அமலநாதன் துப்பாக்கியை உயர்த்தினார்.

டமார்!

வெடித்தது துப்பாக்கி அல்ல. வீட்டுக் கதவு!

உள்ளிருந்து பாய்ந்த காக்கியின் லத்தி அமலநாதனின் மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு முறியும் சத்தம். துப்பாக்கி புளிக் குவியலில் போய் விழுந்தது. அடுத்த கணம் கான்ஸ்டபிள் முனிசாமி அவர் மேல் முழு எடையோடு உட்கார்ந்திருந்தார். முனிசாமியின் எடை தொண்ணூறு கிலோ!

"எஸ்.ஐ. ஈஸ்வரி" என்று மூச்சு வாங்கினாள் காக்கிக்காரி. "இது ஒரிஜினல் போலீஸ் சார். வெளிக்கிடுன்னு எல்லாம் சொல்ல மாட்டோம். ஏறுடான்னுதான் சொல்லுவோம்!"

"அது வேற நாடு! வேற காலம்! அந்தக் கேசுக்கு உங்களால ஒண்டும் செய்ய ஏலாது!" அமலநாதன் தரையில் முகம் பதியக் கத்தினார்.

"வேற நாடுதான், சரி. இந்தத் துப்பாக்கி எந்த நாட்டுல கீது? எங்க நாட்டுல! கள்ளத் துப்பாக்கி, போலி போலீஸ், கொல முயற்சி. மொதல்ல இதுக்கு உள்ள இருங்க. நீங்க பேசினது மொத்தமும் என் செல்போன்ல ஏறிக்கிச்சு. அத உங்க நாட்டுக்காரங்க கேக்கட்டும்."

முனிசாமி அவரை எழுப்பி, தோப்புப் பக்கம் இழுத்துப் போனார்.

* * *

அருணா சொம்புத் தண்ணீரை முழுவதும் குடித்தாள்.

"மேடம், உங்களுக்கு எப்படி...?"

"இவருதான் நேத்து ஸ்டேஷனுக்கு வந்தாரு. கரடிப்பாறகிட்ட எவனோ மாஸ்க் போட்டுக்கினு மூணு விரல் ஆளத் தேடறான்னு வேடியப்பன் சொன்னானாம், இன்னிக்கோ நாளைக்கோ வூட்டுக்கே வருவான்னாரு. விடியறதுல இருந்து சாம மூட்டைக்குப் பின்னால குந்திக்கினு கீறோம். நீங்க வருவீங்கன்னு மட்டும் இவரு சொல்லல."

"எனக்கே தெரியாது" என்றார் கோபால்சாமி.

அருணா அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"ஐயா, என்ன மன்னிச்சிடுங்க. ஊர் தெரியக்கூடாதுன்னு சொன்னீங்க. அந்தப் படத்துல..."

"உன் தப்பு இல்லம்மா."

"என் தப்புதான். படத்துல எடம் ஏறும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும்..."

"எனக்கும் தெரியும்."

அருணா நிமிர்ந்தாள்.

"இன்னா சொல்றீங்க?"

கோபால்சாமி வலது கையைத் திருப்பிப் பார்த்தார்.

"நீ மொத தபா வந்துட்டுப் போனப்புறம் ஜமுனாமரத்தூர் ஈ-சேவை மையத்துல கேட்டேன். போட்டோ எடுத்தா எடம் தெரியுமான்னு. அந்தப் பொண்ணு மேப்புல காட்டிச்சு. இந்தக் கை யாருது, இது எப்டி ஆச்சுன்னு ஒலகத்துல ஒருத்தனுக்குத்தான் தெரியும். செஞ்சவனுக்கு. அதான் முகத்தக் காட்டாம கைய நீட்டினேன்."

காலையிலிருந்து அவளை அறுத்த கத்தி... அதைத் தீட்டியது இவர்!

"அவன வரவழைக்கவா? என்னைய வச்சா?"

"ஆமா."

"எனக்கு ஆபத்து வரும்னு நெனைக்கலியா?"

"நெனச்சேன்."

"அப்புறம்?"

"...நீட்டினேன்."

புளியங்கிளையில் ஏதோ ஒரு பறவை கத்திவிட்டு ஓய்ந்தது.

"அன்னிக்கி அவன் என் முதுகுல தட்டினான். இன்னிக்கி நான் உன் முதுகுல தட்டிட்டேன்" என்றார் கோபால்சாமி. "மன்னிப்பு நீ கேக்காத. நானும் கேக்க மாட்டேன். கேக்கற அருகதை எனக்கு இல்ல."

அருணாவுக்கு அவரை அறைய வேண்டும் போல இருந்தது. கூடவே, பக்கம் அழிந்ததும் நெஞ்சுக்குள் எட்டிப் பார்த்த அந்தச் சின்ன நிம்மதியும் ஞாபகம் வந்தது. அவர் செத்துவிட்டார் என்று நம்பியபோதுகூடத் தன் பெயரைக் காப்பாற்றப் பார்த்தவள்தானே அவள்? அதை இவரிடம் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார்.

அருணா செல்போனை எடுத்து, பதிவு செய்யும் பொத்தானை அழுத்தி, சாக்கின் மேல் வைத்தாள்.

"பதினோரு பேரோட பேரும் ஞாபகம் இருக்கா?"

"ஒவ்வொரு நாளும் சொல்லிக்கினு கீறேன்."

"சொல்லுங்க. அந்தப் பசங்க பேரெல்லாம் காணாமல்போனவங்க பட்டியல்ல எங்கயாவது கீதான்னு தேடறேன். அவங்க வூட்ல யாராவது இன்னும் காத்துக்கினு இருப்பாங்க." கொஞ்சம் தயங்கினாள். "பக்கத்தத் திரும்பப் போடுவேன். உங்க பேரு...?"

"என் சொந்தப் பேரப் போடு."

"முகம்?"

"அதையும் போடு. பை மாட்டினது போதும்."

அவர் முதல் பெயரைச் சொன்னார். இரண்டாவது. மூன்றாவது. பத்தாவதுக்கு வந்தபோது குரல் நின்றது. அருணா காத்திருந்தாள். அவர் சொன்னார். பதினொன்றையும் முடித்தார்.

தோப்புக்குள்ளிருந்து முனிசாமி, "ஹைலசா!" போடும் சத்தம் கேட்டது. தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பிய எஸ்.ஐ. ஈஸ்வரி, வாசலில் நின்று திரும்பினாள்.

"மேடம், பேரப் போடுங்க, மூஞ்சியப் போடுங்க, யாரு வேணான்னா? லொகேஷன மட்டும் தயவுசெஞ்சு ஆஃப் பண்ணிட்டுப் போடுங்க! இன்னொருத்தன் கெளம்பி வந்தா ஏத்திக்கினு போறதுக்கு எங்ககிட்ட கீறது ஒரே ஜீப்பு... அதுவும் ஸ்டார்ட் ஆவாம, இப்ப அக்யூஸ்டுதான் ஒத்தக் கையால தள்ளிக்கினு கீறாரு!"